பட்டிலே அச்சான நன்றி

வாகீஸ்வரி: கையை இறக்குங்கோ முதல்ல. கும்பிட்டுக்கொண்டே நிண்டால் கடுதாசியை ஆர் பிடிக்கிறது?

மகாதேவா: வணக்கம் சொல்லித்தானே தொடங்க வேணும்?

வாகீஸ்வரி: சொல்லிப்போட்டு இறக்குங்கோ. மூண்டு வரி முடிஞ்சுது, கும்பிட்ட கை இன்னும் நெஞ்சிலை. ஊருக்குப் போற துரைக்குப் பிரியாவிடைப் பத்திரம் வாசிக்கிறியளோ, தேவாரம் பாடுறியளோ?

மகாதேவா: கை சும்மா தொங்கினால் நடுங்குது, வாகீசு.

வாகீஸ்வரி: நடுங்கட்டும். நாளைக்குப் பட்டிலை அச்சடிச்சதைத்தானே பிடிச்சுக்கொண்டு நிக்கப்போறியள். பட்டு ஆடினால் காத்து எண்டு நினைப்பினம்.

வேலம்மா: அம்மா... நான் எந்திரிச்சுக்கிடவா?

வாகீஸ்வரி: இரு வேலம்மா. இப்ப நீதான் துரை. வாசிச்சு முடியுமட்டும் துரை எழும்ப மாட்டார்.

வேலம்மா: கிராணியய்யா வீட்டு நாக்காலியில நான் ஒக்காந்திருந்தேன்னு வேல பிரிச்சுக் குடுக்குற மண்டோரு காதுல விழுந்தா, நாளன்னைக்கு எனக்குப் பால்வெட்ட ரப்பரு மரம் கெடைக்காதும்மா. புல்லு வெட்டத்தான் அனுப்புவாக.

மகாதேவா: ஆர் சொல்லப்போகினம்? தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி நானே பார்த்துக்கொண்டு நிக்கிறன். காலை நிலத்திலை விட்டு இரு. உப்பிடிக் குந்திக்கொண்டு இருந்தால் துரை எண்டு நினைக்க எனக்கு வருகுதில்லை.

வேலம்மா: இப்பச் சரியாங்க? வேணுமின்னா இந்த வெத்தலையச் சுருட்டி வாயில வச்சுக்கிறேன். சுருட்டு மாதிரி.

வாகீஸ்வரி: அது நல்லது. துரை வந்திட்டார். தொடங்குங்கோ.

மகாதேவா: “மேன்மை தங்கிய, கீர்த்தி வாய்ந்த, கொடையிலே கார்மேகத்தையும் பொறுமையிலே பூமிதேவியையும் நிகர்த்த, இத்தோட்டத்தைப் பதினொரு வருட காலமாகப் பரிபாலித்தருளிய...”

வாகீஸ்வரி: நிப்பாட்டுங்கோ.

மகாதேவா: இன்னும் வசனம் முடியேல்லை.

வாகீஸ்வரி: அதைத்தான் கேக்கிறன். எப்ப முடியும்?

மகாதேவா: பக்கத்தின்ரை அடியிலை.

வாகீஸ்வரி: ஒரு வசனம்... ஒரு பக்கமோ?

மகாதேவா: எட்டு நாள் இருந்து எழுதினனான். ஒரு சொல்லும் இரண்டாம் தரம் வரேல்லை, பாரும்.

வாகீஸ்வரி: துரைக்குத் தெரிஞ்ச தமிழ் எவ்வளவு? வா, போ, மரத்தை ஒழுங்காய் வெட்டு. கார்மேகம் எண்டால் மழை வரப்போகுது எண்டு தொப்பியைத் தேடுவார்.

மகாதேவா: துரைக்குத்தான் பக்கத்திலை இங்கிலீசு இருக்கே. தமிழ் சனத்துக்கு.

வாகீஸ்வரி: அப்ப சனத்தையே கேப்பம். வேலம்மா, உனக்கு என்ன விளங்கினது?

வேலம்மா: பூமிதேவின்னு சாமி பேரு வந்துச்சுங்க. கன்னத்துல போட்டுக்கிட்டேன். பெறகு... கேக்க நல்லாத்தான் இருக்கு. கோயில்ல மந்திரம் சொல்றாப்புல. கொஞ்சம் கண்ணு சொக்குது.

மகாதேவா: துரையாய் இருக்கச் சொன்னால் நித்திரை கொள்ளுறாய்.

வேலம்மா: தொரையும் தூங்கத்தாங்க செய்வாரு. வெயில்ல ஒக்காத்தி வச்சுக்கிட்டு.

வாகீஸ்வரி: கேட்டியளோ? அந்தச் சிவப்புப் பென்சிலைத் தாங்கோ. அச்சிலை இருக்கிறது இருக்கட்டும். வாசிக்கிறதுக்கு நாலு இடம் காணும். வணக்கம் ஒண்டு. துரை இஞ்சை செய்தது ஒண்டு. துரைசாணிக்கு ஒரு வார்த்தை. பிறகு போய்வாருங்கோ எண்டு ஒண்டு.

மகாதேவா: கார்மேகம்?

வாகீஸ்வரி: வெட்டியாச்சு.

மகாதேவா: பூமிதேவியாவது...

வாகீஸ்வரி: வேலம்மா கன்னத்திலை போட்டவள் எண்டதுக்காகப் பூமிதேவி இருக்கட்டும். வேலம்மா, நீ சொல்லு. இந்தத் துரை எண்டால் உங்கட லயத்துச் சனத்துக்கு என்ன நினைவு வரும்?

வேலம்மா: வெள்ளந்தாங்க. ஆறு ஏறி லயத்துக்குள்ள வந்த அன்னைக்கு, கால்சட்டையத் தொடை வரைக்கும் சுருட்டிக்கிட்டு, இடுப்புல ஒண்ணு தோள்ல ஒண்ணுன்னு புள்ளைகளத் தூக்கிட்டுப் போனாரு. சுருட்டு மட்டும் வாயில இருந்து எறங்கல.

வாகீஸ்வரி: இதை ஏன் நீங்கள் எழுதேல்லை?

மகாதேவா: கால்சட்டையைச் சுருட்டினது எண்டு பட்டிலை எழுதலாமோ?

வாகீஸ்வரி: பட்டிலை எழுத வேண்டாம். வாயாலை சொல்லுங்கோ. துரையின்ரை கண் அந்த இடத்திலைதான் கலங்கும். கண் கலங்கின மனுசனிட்டைப் பிறகு எதையும்...

மகாதேவா: எதையும்?

வாகீஸ்வரி: எதையும் வாசிக்கலாம் எண்டனான்.

மகாதேவா: அச்சிலை இல்லாததைச் சொல்லலாம், அச்சிலை இருக்கிறதை விடலாம். பேந்து என்னத்துக்கு அச்சடிச்சது?

வாகீஸ்வரி: தொங்கவிட. ஒரு பட்டு துரையோடை கப்பலேறும். மற்றது கண்ணாடி போட்டு ஆபீசுச் சுவரிலை தொங்கும். புதுத் துரை நாள்தோறும் அதுக்கு முன்னாலைதான் இருந்து கையெழுத்துப் போடுவார்.

மகாதேவா: ம்... நாள்தோறும்.

வாகீஸ்வரி: சரி, எங்கை நிக்கிறியள்?

மகாதேவா: காலமை பேர் கூப்பிடுற பிரட்டுக் களத்திலை, கொடிமரத்துக்குக் கீழை. மண்டோர் சிவானந்தம் அங்கைதான் மேசை போட்டிருக்கிறான்.

வாகீஸ்வரி: காலமை எட்டு மணிக்கு வெயில் நேரே உங்கட கண்ணிலை. பட்டு பளபளக்கும். ஒரு எழுத்தும் தெரியாது.

மகாதேவா: அது... நான் யோசிக்கேல்லை.

வாகீஸ்வரி: மேசையை மற்றப் பக்கம் மாத்தச் சொல்லுங்கோ. வெயில் துரைமாரின்ரை முகத்திலை விழட்டும். அவைக்குத் தொப்பி இருக்கு.

வேலம்மா: அப்ப நாங்க எந்தப் பக்கம் நிக்கிறதுங்க?

வாகீஸ்வரி: பொம்பிளையள் முன்னுக்கு.

மகாதேவா: மண்டோர் ஒத்துக்கொள்ள மாட்டான். எப்பவும் ஆம்பிளையள்தானே முன்னுக்கு.

வாகீஸ்வரி: துரைசாணி வாறா, பொம்பிளையள் மாலை போட வேணும் எண்டு சொல்லுங்கோ. மாலை போட வாறவளைப் பின்னாலை நிப்பாட்டேலுமோ?

மகாதேவா: நீர் கிராணியாய் இருந்திருக்க வேணும். நான் வீட்டிலை இருந்து மீன் குழம்பு வைச்சிருப்பன்.

வாகீஸ்வரி: உங்கட குழம்பை நான் சாப்பிட்டுப் பார்த்தனான். அதிலும் ஒரு வசனம் ஒரு பக்கம்.

வேலம்மா: தொரை சிரிக்கலாங்களா?

வாகீஸ்வரி: சிரி. ஆனால் நாளைக்குச் சிரிக்காதை. இஞ்சை பாருங்கோ, நாளைக்கு உங்கட கண் துரையிலை நிக்கக் கூடாது. வேலம்மாவிலை நிக்க வேணும்.

மகாதேவா: ஏன்?

வாகீஸ்வரி: துரையைப் பார்த்தால் போன வருசம் மாதிரி ஆகும்.

மகாதேவா: அதை இப்ப ஏன் எடுக்கிறீர்?

வேலம்மா: போன வருசம் என்னங்கம்மா ஆச்சு?

மகாதேவா: ஒண்டும் இல்லை.

வாகீஸ்வரி: கிள்ளான் சங்கக் கூட்டத்திலை இவர் பேச எழும்பினவர். “சபையோர்களே” எண்டார். தண்ணி குடிச்சார். திரும்பவும் “சபையோர்களே” எண்டார். மூண்டாம் தரம் “சபையோர்களே, நன்றி” எண்டுட்டு இருந்திட்டார்.

மகாதேவா: கை தட்டினவை.

வாகீஸ்வரி: தட்டினவை. அண்டைக்கு எல்லாரிலும் சுருக்கமாய்ப் பேசினது நீங்கள்தான்.

மகாதேவா: வேலம்மா, இவ சின்ன வயசிலை மிசன் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவிலை பாட்டு ஒப்பிச்சவ. அந்தப் பெருமை இண்டைக்கும் இறங்கேல்லை.

வாகீஸ்வரி: எங்கட வெள்ளைக்கார ரீச்சர் சொல்லித் தந்தவ. கடைசி வாங்கிலை உனக்குத் தெரிஞ்ச ஒரு முகத்தைப் பிடி, அந்த முகத்துக்குச் சொல்லு, மற்றவை ஒட்டுக்கேக்கினம் எண்டு நினை எண்டு. வேலம்மா முகத்துக்குச் சொல்லுங்கோ.

மகாதேவா: உம்மட முகத்துக்குச் சொன்னால் என்ன?

வாகீஸ்வரி: என்ரை முகத்தை நாளைக்குப் பார்க்க வேண்டாம்.

மகாதேவா: அதேன் அப்பிடி?

வாகீஸ்வரி: சும்மாதான்... நான் வயித்தையும் தள்ளிக்கொண்டு எந்த மூலையிலை நிப்பனோ.

மகாதேவா: கதிரை போடச் சொல்லியிருக்கிறன். நிக்கக் கூடாது நீர். நிழலிலை இரும்.

வேலம்மா: ஐயா, நீங்க என்னையப் பாத்தா நான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுப்புடுவேன். செல்லன வேணா பாருங்க. வண்டிக்காரன், அவனுக்குச் சிரிக்கவே தெரியாது.

மகாதேவா: செல்லனோ... வேண்டாம். அவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வாகீஸ்வரி: அவனைப் பார்க்க என்ன சிரிப்பு?

மகாதேவா: ஒண்டுமில்லை. எல்லாம் சரி வாகீசு, ஒரு காரியம் மட்டும் நல்லதாய்ப் போச்சு. அந்த அறை வரியை வெட்டினது. அது இருந்திருந்தால் நாளைக்கு நான் களத்துக்கே வந்திருக்க மாட்டன்.

வாகீஸ்வரி: ...ஓம். அதுதான் வெட்டியாச்சே.

வேலம்மா: எந்த அறைங்க?

மகாதேவா: உனக்குத் தெரியாததோ? போன மாசி, புஷ்பவள்ளி செத்த அண்டைக்குத் துரை ஆபீசு வாசல்லை நிண்டு என்னட்டைச் சொன்னவர். தோட்டத்து ஆசுபத்திரிக்குப் பக்கத்திலை பிள்ளை பெற ஒரு அறை கட்டித் தாறன் எண்டு. வாயாலை சொன்னதுதான். கடுதாசியிலை ஒரு எழுத்தும் இல்லை.

வேலம்மா: புஷ்பவள்ளி என் மரத்தடியிலதாங்க பெத்தா. தோட்டத்து ஆசுபத்திரியில பேறு பாக்க எடமில்ல, கோல சிலாங்கூர் ஆசுபத்திரிக்கு வண்டி கட்டுறதுக்குள்ள தலை வந்திருச்சு. மரம் வெட்டுற கத்தியிலதான் கொடியறுத்தேன். வேற என்னத்தக் கொண்டு அறுக்க? எட்டாம் நாளு ஜன்னி கண்டு போயிட்டா. புள்ள கெடக்கு, அவ மாமியாகிட்ட.

மகாதேவா: தெரியும் வேலம்மா. அதிலை உன்ரை பிழை ஒண்டும் இல்லை.

வேலம்மா: கத்தியக் கழுவித்தாங்க அறுத்தேன். ஓடைத் தண்ணியில.

வாகீஸ்வரி: எங்கட முதற்பிள்ளைக்கு மரத்தடியும் கிடைக்கேல்லை. ஆத்துத்துறையிலை வண்டி நிண்டது. படகு அக்கரையிலை. பிள்ளை தங்கேல்லை.

மகாதேவா: வாகீசு... அதை விடும்.

வாகீஸ்வரி: விட்டாச்சு. இது ஆறாம் மாசம். ஆவணியிலை இன்னொருக்கால் அதே வண்டி, அதே துறை. படகு எந்தக் கரையிலை நிக்குமோ. விட்டாச்சு எண்டுதானே சொல்லுறன்.

வேலம்மா: புதுத் தொரைகிட்டக் கேட்டா என்னங்க?

மகாதேவா: கேட்டனான். பழைய துரை சொன்னவர் எண்டு சொன்னன். அப்பிடியெண்டால் கடுதாசியைக் காட்டு எண்டார். கோவிக்கேல்லை, மரியாதையாய்த்தான் சொன்னார். பழைய துரையிட்டைப் போனால் மூட்டை கட்டுற அவசரம். ஓமோம், பார்ப்பம் எண்டார்.

வேலம்மா: அப்பறம் அந்த வரி என்னங்க செய்யும்?

மகாதேவா: அது இவ கண்டுபிடிச்ச வித்தை. கேள், இவவின்ரை அப்பா ஊரிலை கோயில் நோட்டீசு அடிக்கிறவர்...

வாகீஸ்வரி: நான் சொல்லுறன். திருவிழா நோட்டீசிலை ஆறாம் திருவிழா உபயம் இன்னார் எண்டு பேரைப் போட்டு முதல் அச்சடிச்சுப் போடுவார். ஊரெல்லாம் ஒட்டின பிறகுதான் அந்தாளின்ரை வீட்டுக்குப் போறது. “உங்கட உபயத்தைப் பற்றித்தான் ஊர் முழுக்கக் கதை” எண்டு வெத்திலைத் தட்டை நீட்டுவார். அச்சிலை பேர் வந்த பிறகு ஆர் மாட்டன் எண்டுவான்?

வேலம்மா: கேக்குறதுக்கு முந்தியே குடுத்ததா ஆக்கிப்புடுறது.

வாகீஸ்வரி: அதேதான். துரை அறை கட்டித் தர இசைஞ்சதுக்கு நாங்கள் நன்றி சொல்லுறது. எல்லாரும் பார்க்க, கோலாலம்பூர்க் கம்பெனித் துரையும் புதுத் துரையும் பக்கத்திலை இருக்க. பொய்யும் இல்லை. அவர் வாயாலை சொன்னதுதானே.

மகாதேவா: ஊரிலை உபயகாரன் வெக்கத்துக்குத் தருவான். வெள்ளைக்காரன் வெக்கப்படுவானோ? “நான் எப்ப சொன்னனான், மகாதேவா?” எண்டு களத்திலை வைச்சுக் கேட்டால்? நான் எங்கை போறது? இந்த வீடும் தோட்டம் தந்த வீடு. ஒரு கிழமையிலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியிலை நிப்பம், உம்மட ஆறாம் மாசத்தோடை.

வாகீஸ்வரி: அதுதான் நான் ஒத்துக்கொண்டனானே. நீங்கள் போன கிழமை கோடு போட்டு வெட்டினியள். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை.

மகாதேவா: ஓம். அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு சொல்லும் சொல்லேல்லை.

வாகீஸ்வரி: புருசன் சொன்னால் கேக்கக் கூடாதோ?

மகாதேவா: கேக்கலாம். ஆறு வருசத்திலை முதல் தரம்.

வேலம்மா: அம்மா, வெத்தல கசக்குது. துப்பிப்புட்டு வரட்டா?

வாகீஸ்வரி: ஒரு தரம் முழுக்க வாசிச்சு முடியட்டும். வாசியுங்கோ. வெள்ளத்திலை தொடங்கி.

மகாதேவா: “...வெள்ளம் வந்த அன்று எங்கள் குழந்தைகளைத் தங்கள் தோளில் சுமந்தீர்கள். ஆசுபத்திரிக்குப் புதுக்கூரை போட்டீர்கள்...”

வாகீஸ்வரி: இந்த இடத்திலை நிப்பாட்டுங்கோ. நல்லாய் மூச்செடுங்கோ. நாலு எண்ணுங்கோ.

மகாதேவா: ஏன்? அடுத்தது சின்ன வரிதானே. “தங்கள் பாரியாரின் அன்பையும் மறவோம்.”

வாகீஸ்வரி: சின்ன வரிக்கும் மூச்சு வேணும்.

மகாதேவா: நாலு எண்ணுற மூச்சோ?

வாகீஸ்வரி: துரைசாணியைப் பற்றி ஆறுதலாய்ச் சொல்ல வேணும். அவசரப்பட்டால் மரியாதை இல்லை.

மகாதேவா: சரி. ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு. இதுக்குள்ளை துரை சுருட்டுக் குடிச்சு முடிச்சிடுவார்.

வேலம்மா: அந்த நேரத்துக்குத்தாங்க பொம்பளையாளுக முப்பது பேரும் கொலவைக்கு நாக்க மடக்கி வச்சுக்கிட்டுத் தயாரா...

வாகீஸ்வரி: மாலைக்கு. மாலை போடேக்குள்ளைதான் குலவை.

வேலம்மா: ஆமாங்க. மாலைக்கு. மாலைக்குத்தான் சொன்னேன்.

மகாதேவா: மாலை கடைசியிலைதானே? ஆசுபத்திரிக் கூரை நடுவிலை வருகுது.

வேலம்மா: நாக்க மடிக்கக் கொஞ்ச நேரமாகுமுங்க.

மகாதேவா: அப்பிடியோ. எனக்குக் குலவை தெரியாது. யாழ்ப்பாணத்திலை அது இல்லை.

வாகீஸ்வரி: குலவை போட்டால் அதுக்கு மேலை ஒருத்தற்றை குரலும் எழும்பாது. துரை ஏதும் சொன்னாலும்... வாழ்த்துச் சொன்னாலும் கேக்காது. அதுதான் கடைசியிலை வைச்சது.

மகாதேவா: நல்ல ஏற்பாடு.

வேலம்மா: அம்மா, அந்தப் பட்டு வந்திருச்சுன்னீங்களே. மேசை மேல இருக்கே, காக்கிக் கடுதாசி சுத்தி, அதுதானங்க? எனக்கு எழுத்துத் தெரியாட்டியும் ஒரு தரம் பட்ட மட்டும் தொட்டுப் பாத்துக்கிறேன்.

வாகீஸ்வரி: வேண்டாம்.

மகாதேவா: வேண்டாம்.

வேலம்மா: ரெண்டு பேருமா ஒண்ணாச் சொல்றீக.

வாகீஸ்வரி: நாளைக்கு ஏழே காலுக்குத்தான் நல்ல நேரம். அதுக்கு முன்னம் அவிழ்க்கக் கூடாது.

மகாதேவா: கையிலை வேர்வை. பட்டிலை பட்டால் கறை.

வாகீஸ்வரி: உங்களுக்கும் பார்க்க ஆசை இல்லையோ? வந்து மூண்டு நாளாச்சு.

மகாதேவா: நல்ல நேரம் எண்டு சொன்னனீரே. நான் பஞ்சாங்கத்துக்கு மாறு நடக்கிறனானோ? ஏன், உமக்குப் பார்க்க வேணும் போலை இருக்கோ?

வாகீஸ்வரி: எனக்கு... இல்லை. நாளைக்குப் பார்க்கிறது.

மகாதேவா: நாளைக்குப் பார்ப்பம்.

வேலம்மா: எனக்குப் பொழுதாச்சு சாமி. தொரை வேலைய ராசினாமாப் பண்ணிக்கிறேன். மாலைக்குப் பூக்கட்ட ஆளுக காத்துக்கிட்டு இருப்பாக.

மகாதேவா: போய் வா, வேலம்மா. நாளைக்குச் சிரிக்காமல் நில்.

வேலம்மா: நிக்கிறேங்க. அம்மா, கொஞ்சம் இப்பிடித் தள்ளி வாங்க...

வாகீஸ்வரி: என்ன?

வேலம்மா: ஐயா கையப் பாத்தீகளா? கடுதாசி நுனி ஆடிக்கிட்டே இருக்கு. பாவம். நீங்களே சொல்லிருங்கம்மா. களத்துல வச்சு அவுகளுக்குத் தெரிய வேணாம்.

வாகீஸ்வரி: போ வேலம்மா.

மகாதேவா: என்னத்தைச் சொல்லுறது?

வாகீஸ்வரி: குழம்புக்கு உப்புக் காணாது எண்டு.

மகாதேவா: இண்டைக்குக் குழம்பே வைக்கேல்லையே.

வாகீஸ்வரி: அந்தக் கடுதாசியைக் கீழை வையுங்கோ.

மகாதேவா: என்னப்பா? இரும், இந்தக் கதிரையிலை இரும். முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. வயிறு நோகுதோ?

வாகீஸ்வரி: இல்லை. நீங்களும் இருங்கோ. நிண்டுகொண்டு கேக்க வேண்டாம்.

மகாதேவா: சரி. இருந்திட்டன்.

வாகீஸ்வரி: நான் ஒரு பிழை செய்து போட்டன்.

மகாதேவா: சொல்லும்.

வாகீஸ்வரி: நீங்கள் வெட்டின வரி... வெட்டுப்படேல்லை.

மகாதேவா: ம்.

வாகீஸ்வரி: நீங்கள் கிள்ளான் அச்சகத்துக்கு அனுப்பக் கட்டி வைச்ச கடுதாசியோடை நான் வேறை ஒரு துண்டு எழுதிச் செல்லனிட்டைக் குடுத்தனான். தமிழிலும் இங்கிலீசிலும். ஆசுபத்திரிக் கூரைக்குப் பிறகு இதையும் சேர்க்கவும் எண்டு. அவன் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு காளியம்மன் மேலை சத்தியம் பண்ணினவன்.

மகாதேவா: சத்தியமே பண்ணினவன்?

வாகீஸ்வரி: ஓம். அந்தப் பட்டிலை அது அச்சாகிக் கிடக்கு. நாளைக்கு நீங்கள் சனத்துக்கு முன்னாலை விரிப்பியள். வரி அங்கை இருக்கும். மூண்டு துரைமாரும் பார்த்துக்கொண்டு இருப்பினம். அச்சிலை இருக்கிறதை விட்டு வாசிக்க உங்களாலை ஏலாது எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் மூச்சு, அதுக்குத்தான் குலவை. துரை வாய் திறக்க முன்னம் முப்பது பேரும் குலவை போடுவினம்.

மகாதேவா: உங்கட அப்பாவை விஞ்சிப்போட்டீர்.

வாகீஸ்வரி: பகிடி பண்ணாதையுங்கோ. இவ்வளவு நாளும் நல்ல யோசினை எண்டுதான் இருந்தனான். இண்டைக்கு உங்கட கையைப் பார்க்க... எனக்கு என்னைப் பிடிக்கேல்லை. உங்களைக் களத்திலை கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டு, நான் நிழலிலை கதிரை போட்டு இருந்து பார்க்கிறதோ? ஆத்துத்துறையிலை பிள்ளையை நீங்கள்தான் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். உங்களுக்கு ஒண்டும் நோகேல்லை எண்ட மாதிரி நான் நடந்து போட்டன்.

மகாதேவா: வாகீசு.

வாகீஸ்வரி: வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ. பட்டு கிழிஞ்சு போச்சு, எலி கடிச்சுப் போச்சு எண்டு சொல்லுவம். இந்தக் கையெழுத்துப் படியை வாசியுங்கோ. ஆவணி வந்தால் வண்டியிலை போவம். எல்லாரும் போகினம்தானே.

மகாதேவா: நீர் எழுதின வரி என்ன? ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்.

வாகீஸ்வரி: இப்ப ஏன்?

மகாதேவா: சொல்லும்.

வாகீஸ்வரி: “ஆசுபத்திரியின் அருகே பிள்ளைப்பேற்று அறை ஒன்று கட்டித்தர மனமிசைந்த தங்கள் பெருங்கருணைக்கு இத்தோட்டத்துப் பெண்கள் யாவரும் நன்றி கூறுகின்றோம்.” அவ்வளவுதான்.

மகாதேவா: மனமிசைந்த. நல்ல சொல்லு. கார்மேகம் இல்லாமலே நல்லாய் இருக்கு.

வாகீஸ்வரி: ஏசுறதெண்டால் ஏசுங்கோ. இப்பிடிக் கதைச்சால் எனக்கு அழுகைதான் வருகுது.

மகாதேவா: ஏசத்தான் வேணும். பெரிய பிழை ஒண்டு விட்டிருக்கிறீர்.

வாகீஸ்வரி: உங்களுக்குச் சொல்லாமல் விட்டது.

மகாதேவா: அது இல்லை.

வாகீஸ்வரி: பிறகு என்ன பிழை?

மகாதேவா: செல்லன் உம்மட துண்டை நேரே கிள்ளானுக்குக் கொண்டு போகேல்லை, என்ரை மேசைக்குத்தான் கொண்டு வந்தவன். அறை எண்டு எழுதினனீர், எப்ப எண்டு எழுதேல்லை. “வருகிற ஆவணி பிறக்குமுன்” எண்டு நான் சேர்த்தனான். வெறும் அறை பிள்ளை பெறுவிக்குமோ? “மருத்துவச்சி ஒருத்தியையும் அமர்த்தி” எண்டதையும் சேர்த்தனான். பெண்கள் எண்டதை வெட்டிப்போட்டு, ஆர் எழுதினது எண்டு துரை கேட்டால் என்னைத்தான் கேக்கட்டும் எண்டு, என்ரை பேரை மட்டும் போடச் சொன்னனான். நடுக்கம் பொய்யில்லை, வாகீசு... பட்டு வந்து மூண்டு நாளாய் அந்த வரியை ஒருக்காலும் சத்தமாய் வாசிச்சுப் பார்க்க நீர் என்னை விடேல்லை. கண்ணைத் துடைச்சுப்போட்டுத் துரை மாதிரி நிமிர்ந்து இரும், வாசிக்கிறன்.